சிகிச்சை வேறு, ஆய்வு வேறு: மருத்துவ ஆய்வில் சேர்பவருக்கு என்ன காவல்?

"புதுசா ஒரு மருந்து ஆய்வு நடக்குது, சேர்றீங்களா?" என்று மருத்துவமனையில் கேட்டுவிட்டால் வீட்டுக்குள் இரண்டு கட்சி உண்டாகிவிடும். "உங்களைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறாங்க, கையெழுத்துப் போட்டா அப்புறம் செத்தாலும் கேக்க முடியாது" என்பது ஒரு கட்சி. "பெரிய டாக்டரே சொல்றாரு, மருந்தும் இலவசம், பேசாம போட்டுடுங்க" என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி பயப்படுகிறது, இரண்டாவது கட்சி நம்புகிறது. ஆனால் இரண்டும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ஆய்வு என்பது சிகிச்சையின் இன்னொரு வகை என்று இரண்டு கட்சியுமே நினைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆய்வும் சிகிச்சையும் எங்கே பிரிகின்றன என்பது பிடிபட்டுவிட்டால், எத்திக்ஸ் கமிட்டி, ஒப்புதல் படிவம், இழப்பீடு எல்லாம் எதற்கென்று தானாக விளங்கிவிடும்.

தையற்காரரும் ரெடிமேட் கம்பெனியும்

தெருமுனைத் தையற்காரர் உங்களுக்கு அளவெடுக்கிறார். உங்கள் தோள் ஒருபக்கம் சற்றே இறங்கியிருந்தால் அதற்கேற்றபடி வெட்டுவார். அவர் கவனம் முழுக்க உங்கள் சட்டைமேல்தான்.

ரெடிமேட் துணிக் கம்பெனி ஒன்று ஆயிரம் பேரிடம் அளவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பதாம் நம்பர் சட்டைக்குத் தோள் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதே அவர்கள் வேலை. அளவு கொடுத்ததற்காக உங்களுக்கும் ஒரு சட்டை தரலாம், அது பொருந்தவும் செய்யலாம். ஆனாலும் அந்த அளவு எடுக்கப்பட்டது உங்களுக்காக அல்ல. இனி கடைக்கு வரப்போகிற லட்சம் பேருக்காக.

மருத்துவத்திலும் கதை இதேதான். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தந்து உங்கள் கால் வீங்கினால், உங்கள் டாக்டர் மறுவாரமே மாத்திரையை மாற்றுவார். அதே டாக்டர் ஒரு ஆய்வை நடத்தும்போது, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட ஆவணத்தின்படிதான் நடக்க வேண்டும். அந்த ஆவணத்துக்கு ஆய்வுத் திட்டம் என்று பெயர். உங்கள் சிகிச்சைக்குத் தேவையே இல்லாத நாலைந்து ரத்த மாதிரிகளும் அதில் இருக்கும். உங்களுக்கு எது நல்லது என்பது சிகிச்சையின் கேள்வி. எது உண்மை என்பது ஆய்வின் கேள்வி. பல நேரம் இரண்டுக்கும் விடை ஒன்றாகவே அமையும். அமையாத நேரத்துக்காகத்தான் இத்தனை விதிகள்.

இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் மயக்கத்தைத் துறைக்குள் 'சிகிச்சை மயக்கம்' என்கிறார்கள். படிக்காதவருக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். சொந்த டாக்டரே ஆய்வாளராகவும் இருந்துவிட்டால் பேராசிரியருக்கும் வரும்.

விதிகள் எங்கிருந்து வந்தன

இரண்டாம் உலகப் போரில் நாஜி வதைமுகாம்களில் கைதிகள்மேல் சோதனை நடத்திய மருத்துவர்களும் அதிகாரிகளுமாக 23 பேர் நியூரெம்பர்க் நகரில் விசாரிக்கப்பட்டார்கள். 1947 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, மனிதர்மேல் ஆய்வு நடத்துவதற்கு 10 நிபந்தனைகளை வகுத்தது. தானாக முன்வந்து தரும் ஒப்புதல் கட்டாயம் என்பது அதில் முதலாவது. 1964-இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்ட அந்தப் பிரகடனம் கடைசியாக 2024-இல் திருத்தப்பட்டது.

ஆனால் பாடம் கற்பதற்கு நாஜிகளைவிட அமெரிக்காவில் நடந்த டஸ்கீகி ஆய்வு நல்ல உதாரணம். நாஜிகளைப் பார்த்து "நாங்கள் அப்படி இல்லை" என்று எந்த மருத்துவரும் சொல்லிவிடலாம். டஸ்கீகியைப் பார்த்து அப்படி எளிதாகச் சொல்ல முடியாது.

அலபாமா மாநிலத்தில் 1932-இல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை அந்த ஆய்வைத் தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. நோய்க்குச் சிகிச்சை தராமல் விட்டால் உடலில் என்ன நடக்கும் என்று பார்ப்பதே நோக்கம். "உங்களுக்குக் கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததை இலவச விசேஷ சிகிச்சை என்றார்கள். சாப்பாடு தந்தார்கள், ஈமச் செலவுக்கும் பணம் தருவதாகச் சொன்னார்கள். 1940-களின் பிற்பகுதியில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அப்போதும் அவர்களுக்குத் தரவில்லை. 1972-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் ஆய்வு நின்றது. நாற்பது ஆண்டுகள்!

இது ஒளித்து வைக்கப்பட்ட ஆய்வும் அல்ல. இடையிடையே மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருந்தன. நடத்தியவர்கள் தங்களைக் கொடியவர்கள் என்று நினைக்கவும் இல்லை. விடை தெரிய வேண்டும் என்ற வேகம், எதிரே இருக்கும் மனிதரைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. ஆய்வாளரின் நல்ல மனசை மட்டும் நம்ப முடியாது, வெளியாள் ஒருவர் பார்த்தாக வேண்டும் என்ற கொள்கை இங்கேதான் வேரூன்றியது. 1979-இல் அமெரிக்காவில் வந்த பெல்மான்ட் அறிக்கை மூன்று அடிப்படைகளைச் சொன்னது. மனிதரை மதி, நன்மை செய், சுமையையும் பலனையும் நியாயமாகப் பங்கிடு.

*இதுவரை:* ஆய்வில் டாக்டருக்கு இரண்டு விசுவாசம், ஒன்று உங்களுக்கு, மற்றொன்று கேள்விக்கு. இரண்டும் மோதும்போது உங்கள் பக்கம் நிற்க ஆள் வேண்டும் என்பதற்காக வந்தவையே அறநெறி விதிகள்.

குலுக்கிப் போடுவது எப்படி நியாயமாகும்?

பல மருந்து ஆய்வுகளில் யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை. குடவோலை எடுப்பது மாதிரி, கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது. டாக்டரையே தேர்ந்தெடுக்க விட்டால், தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தும் நலிந்தவருக்குப் பழைய மருந்தும் தந்துவிடக்கூடும். பிறகு புது மருந்து ஜெயித்தது மருந்தாலா, ஆளாலா என்று தெரியாது.

"தெரிஞ்சே ஒருத்தருக்கு மட்டமான மருந்தைத் தரலாமா?" என்று கேட்பீர்கள். தெரிந்தே தரக் கூடாது. எது மேல் என்று மருத்துவ உலகத்துக்கே உண்மையில் தெரியாதபோது மட்டும்தான் குலுக்கலாம். இந்த நேர்மையான தெரியாமையின் பெயர் சமநிலை ஐயம்.

இதற்கு நல்ல சான்று சென்னையிலேயே இருக்கிறது. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியம் என்ற தனி மருத்துவமனைதான். ஓய்வு, நல்ல சாப்பாடு, தனிமை இல்லாமல் குணமாகாது என்பது உலகமே நம்பிய விஷயம். நெரிசலான ஏழை வீடுகளைச் சேர்ந்த, இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம், மறுபாதிக்கு வீடு. இருவருக்கும் ஓராண்டு அதே மருந்துகள். 1959-இல் முடிவு வெளியானபோது, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை. சானடோரியங்கள் உலகெங்கும் மெல்ல மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். இரண்டு பாதிக்கும் வேலை செய்யும் மருந்து கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். டஸ்கீகிக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

அடுத்தது 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு. லட்சக்கணக்கானோர் பங்கேற்ற அந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்குத் தடுப்பூசியும், இன்னொரு பிரிவினருக்கு மருந்துப்போலியும் தரப்பட்டன. மருந்துப்போலி என்றால் பார்வைக்கு மருந்து மாதிரியே இருந்து, உள்ளே மருந்துச் சத்து இல்லாதது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்று 1979-இல் தெரியவந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. (குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் கொடிய காசநோயைத் தடுப்பதால் பிறந்ததும் போடும் ஊசி இன்றும் தொடர்கிறது. அதை நிறுத்திவிட வேண்டாம்.) எல்லோரும் நம்பியது பொய்க்கக்கூடும் என்பதால்தான் ஆய்வே தேவைப்படுகிறது.

மருந்துப்போலிக்கு ஒரு வரம்பு உண்டு. நோய்க்கு வேலை செய்யும் மருந்து ஏற்கெனவே இருந்தால், அதை நிறுத்திவிட்டு வெறும் போலியைத் தரக் கூடாது என்பதே பொதுவிதி. வழக்கமான மருந்தோடு சேர்த்து ஒரு பிரிவுக்குப் புது மருந்தும் மற்றதற்குப் போலியும் தருவது நடைமுறை.

எத்திக்ஸ் கமிட்டி: யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இந்தியாவில் இரண்டு ஆவணங்கள் முக்கியம். மருந்து ஆய்வுகளுக்குச் சட்ட வலுவுள்ளது 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள், 2019'. கேள்வித்தாள் ஆய்வு முதல் மரபணு ஆய்வு வரை மற்ற எல்லாவற்றுக்கும் வழிகாட்டுவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்.

இரண்டுமே, ஆய்வு தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்கின்றன. எத்திக்ஸ் கமிட்டி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2019 விதிகளின்படி குறைந்தது 7 உறுப்பினர்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு சட்ட வல்லுநர், ஒரு பெண் உறுப்பினர், மருத்துவம் சாராத ஒரு சாதாரணக் குடிமகன் கட்டாயம். அந்தச் சாதாரணக் குடிமகன் எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. என் கணக்கில் அந்த அறையில் மிக முக்கியமான ஆள் அவர்தான். "இந்தப் பத்தி எனக்கே புரியவில்லையே, நோயாளிக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்கத் துணிவது அவர் ஒருவரே.

குழு என்ன பார்க்கும்? கேள்வி கேட்கத் தகுந்ததா, இடருக்கும் பலனுக்கும் பொருத்தம் உண்டா, ஆட்களை எங்கிருந்து எடுக்கிறார்கள், படிவம் தமிழில் சரியாக இருக்கிறதா, பயணப்படி எவ்வளவு, காப்பீடு உண்டா. ஒருமுறை அனுமதி தந்ததோடு அதன் வேலை முடிவதில்லை. நடக்கும் ஆய்வை இடையிடையே பார்க்க வேண்டும், ஆபத்து என்று தெரிந்தால் நிறுத்தவும் வேண்டும். குழு பெயரளவுக்குக் கூடி ஒரே மாலையில் கட்டுக்கட்டாகக் கோப்புகளை அனுமதித்தால் இந்தக் காவல் காகிதத்தோடு நின்றுவிடும். நடைமுறையில் பழுது வருவது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொரு காவலும் உண்டு. 2009 ஜூன் 15 முதல், மருந்து ஆய்வுகளை முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 'சி.டி.ஆர்.ஐ.' என்று தொடங்கி ஆண்டு, மாதம், எண் என வரும் அந்தப் பதிவெண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எண் சொல்லத் தயங்கும் மருந்து ஆய்வில் கையெழுத்துப் போட அவசரம் வேண்டாம்.

ஒப்புதல் எங்கே கோணலாகிறது

அறிந்து தரும் ஒப்புதல் என்றால், என்ன நடக்கப்போகிறது என்று விளங்கி, மறுக்கவும் வழியிருந்து, பிறகு சம்மதிப்பது. கையெழுத்து அதன் ரசீது மட்டுமே. இது ஆய்வுதான், சிகிச்சை அல்ல என்ற வாசகம், எத்தனை நாள், என்னென்ன பரிசோதனை, தெரிந்த இடர்கள், எந்தப் பிரிவில் விழ எவ்வளவு வாய்ப்பு, சேராவிட்டால் வேறென்ன சிகிச்சை, பாதிப்பு வந்தால் யார் செலவு, யாருக்குப் போன் செய்வது என்பவை படிவத்தில் இருந்தாக வேண்டும். கையெழுத்தான பிரதி ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும். சட்டப்படி உங்களுக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது. ஆக, "கையெழுத்துப் போட்டா கேக்க முடியாது" என்ற பயத்துக்கு இடமில்லை.

கோணல்கள் வேறு இடத்தில் வருகின்றன. ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, தமிழ் எழுத்தில் இருந்தும் தமிழாக இல்லாத படிவம். ஆபரேஷனுக்கு முந்தின இரவு, ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரிடம் நீட்டும் பேனா. காலை 9 மணிக்கு ரத்தம் எடுத்துவிட்டு 11 மணிக்கு வாங்கும் கையெழுத்து. வருகிற மாதமும் அதே டாக்டரிடம்தான் வர வேண்டும் என்பதால் மறுக்க வாய் வராத நோயாளி. இதற்குத் தீர்வு எளியது. சிகிச்சை தராத வேறொருவர் விளக்கட்டும், ஒரு நாளாவது யோசிக்க விடட்டும், "நீங்க புரிஞ்சுகிட்டதை உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்கட்டும். "எனக்குப் புது மருந்துதான் கிடைக்கும்" என்று பதில் வந்தால், குலுக்கல் விளங்கவில்லை என்று பொருள். மறுபடி முதலிலிருந்து.

படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் ஆய்வோடு தொடர்பில்லாத, நடுநிலையான ஒரு சாட்சி முழு விளக்கத்தையும் உடனிருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். ஆய்வில் வேலை பார்க்கும் நர்ஸ் சாட்சி ஆக முடியாது. குழந்தைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு, 7 வயதிலிருந்து குழந்தையின் இசைவும் வேண்டும். 12 வயதுக்கு மேல் எழுத்தில் வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் எவ்வளவு மோசமாக நடக்கலாம் என்பதற்கு, 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் தொடங்கிய, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் சான்று. இடையில் சில சிறுமிகள் இறந்ததால் சர்ச்சை கிளம்பி, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக விசாரணையில் தெரியவில்லை. ஆனால் ஆந்திரத்தில் ஏராளமான படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லதாக இருந்தாலும் ஒப்புதல் கெட்டுப்போகலாம். இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

*இதுவரை:* குலுக்கலுக்கு நேர்மையான ஐயம் வேண்டும், அதை வெளியாட்கள் உள்ள குழு சரிபார்க்க வேண்டும், பிறகுதான் உங்களிடம் வர வேண்டும். உங்கள் கையெழுத்து இந்த வரிசையில் கடைசிக் கதவு.

பணம்

பஸ் செலவு, அன்றைய கூலி இழப்பு, சாப்பாடு ஆகியவற்றைத் தரலாம், தரவும் வேண்டும். தொகையைக் குழு ஏற்க வேண்டும். இடரை மறக்கடிக்கும் அளவுக்குப் பணத்தை ஆட்டிக் காட்டுவது தவறு. நோயில்லாதவர்களுக்கு மாத்திரை தந்து ரத்தத்தில் மருந்து அளவு பார்க்கும் ஆய்வுகளில் இது உண்மையான சிக்கல். ஒன்று முடிந்து அடுத்ததில் சேர இடைவெளி விட வேண்டும். வருமானத்துக்காக முந்தைய ஆய்வை மறைத்துச் சேர்ந்தால் இரண்டு மருந்தும் உடலில் கலக்கும், ஏற்கெனவே குறைந்த ரத்தம் மேலும் குறையும், ஆய்வின் எண்களும் கெடும்.

ஏதாவது ஆகிவிட்டால்

மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்ப்பது, நிரந்தர ஊனம் போன்றவை தீவிரப் பாதகம் எனப்படும். மருந்தால் வந்ததா என்று தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஆய்வுக்குப் பணம் தரும் ஸ்பான்சருக்கும் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். முழு ஆராய்ச்சி அறிக்கைக்கு 14 நாள். குழு தன் கருத்தை 30 நாளுக்குள் தர வேண்டும்.

சிகிச்சை உடனே இலவசம். ஆய்வால் வந்த பாதிப்பு இல்லை என்று நிறுவப்படும் வரையோ, தேவைப்படும் வரையோ அது தொடரும். ஆய்வோடு தொடர்பு உறுதியானால் இழப்பீடு தனி. மரணத்துக்கான கணக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதாலும் ஏற்கெனவே இருந்த நோயின் கடுமையாலும் கூட்டிக் குறைக்கப்படுகிறது. 65 வயதைக் கடந்தவருக்கு வயதுக் காரணி தொகையை மாற்றாது. அவர் நோயற்றவராகச் சேர்ந்திருந்தால் நோய்க் காரணி 4, ஆக 32 லட்சம். ஆறு மாதத்துக்கு மேல் பிழைக்க மாட்டார் என்ற நிலையில் சேர்ந்திருந்தால் காரணி அரை, ஆக 4 லட்சம். வயது குறைந்தால் தொகை ஏறும்.

பலரும் அறியாத ஒன்று: மருந்தின் பக்கவிளைவுக்கு மட்டும்தான் இழப்பீடு என்றில்லை. வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல், ஆய்வு மருந்து வேலை செய்யாமல் போனதால் வந்த கேடும், அதே நிலையில் மருந்துப்போலி தந்ததால் வந்த கேடும் இதில் சேரும். டஸ்கீகியின் நிழல் இந்த விதியில் தெரிகிறது.

விலகுவது

எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. பலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். அது அவர்களுக்கே ஆபத்து. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமோ வலிப்போ திரும்பிப் பாயும். "நான் விலகுகிறேன்" என்று சொல்லிவிட்டு, மருந்தைப் படிப்படியாகக் குறைப்பதா என்று கேளுங்கள். கடைசிப் பாதுகாப்புப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் எடுத்தது எந்த மருந்து என்று ஆய்வு முடிந்ததும் தெரிவிக்கும்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த டாக்டருக்கு அது தேவைப்படும். ஏற்கெனவே தந்த ரத்த மாதிரியை என்ன செய்வார்கள் என்பதும் படிவத்தில் இருக்கும். அழித்துவிடச் சொல்ல விரும்பினால் அதைச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். பெயர் நீக்கி எண் மட்டும் ஒட்டிய மாதிரியை யாருடையது என்று கண்டுபிடிக்கும் பட்டியல் அழிக்கப்பட்டுவிட்டால், பிறகு எந்தக் குழாய் உங்களுடையது என்று அவர்களாலும் சொல்ல முடியாது.